பெட்டியோடு போவது எது, கையோடு வருவது எது

டெல்லின் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரான ஆப்டிப்ளெக்ஸ் 7050 டவரின் பக்கத் தகட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ்ஸில் (மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை) இருந்து மதர்போர்டுக்குப் போகும் ஒயரைப் பாருங்கள். கடையில் தனியாக வாங்கும் எஸ்எம்பிஎஸ் என்றால் அங்கே 24 பின் கொண்ட அகலமான கனெக்டர் இருக்கும். இதில் இருப்பது ஆறே ஆறு பின். கூடவே ப்ராசசருக்கு ஒரு 4 பின். ஹார்டு டிஸ்க்குக்கு வேண்டிய மின்சாரம்கூட எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து நேராக வராது. போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன சாக்கெட், அதிலிருந்து தனி ஒயர். எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 240 வாட் என்று போட்டிருக்கும்.

டெல், எச்பி போல ரெடிமேடாக வரும் கம்பெனி சிஸ்டம் வாங்கலாமா, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் பண்ணலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ப்ராசசரையும் விலையையும் வைத்துக் கேட்கிறார்கள். பதில் அந்த ஆறு பின்னில் இருக்கிறது. பெரும்பாலான கம்பெனி சிஸ்டங்களில் மூன்று பொருள்கள் ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை: போர்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட். மூன்றில் ஒன்றைத் தனியாக மாற்றப் போனால் மற்ற இரண்டும் முரண்டு பிடிக்கும். ரேம், எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்), கிராபிக்ஸ் கார்டு மூன்றும் அப்படியில்லை. இன்று இந்தப் பெட்டியில் இருக்கும், நாளை கழற்றி வேறு பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். பழைய பெட்டியில் காசு போடுவதானால் கழற்றிக்கொண்டு போகக்கூடிய பொருளில் மட்டும் போடுங்கள். இனி வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

விலை எதையும் இங்கே எழுதவில்லை. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், காலையில் எழுதிய கொட்டேஷன் மாலையில் செல்லாது என்ற நிலை வந்துவிட்டது. ஏஐ சர்வர்களுக்கே சிப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த டிசம்பரில் மெமரி சிப் தயாரிக்கும் மைக்ரான் தன் க்ரூஷியல் சில்லறை வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. இதனால் பழைய கணக்கு ஒன்று தலைகீழாகிவிட்டது. முன்பெல்லாம் பழைய சிஸ்டம் வாங்கும்போது உள்ளே இருக்கும் 8 ஜிபி ரேமை யாரும் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். இப்போது 16 ஜிபி டிடிஆர்4 ரேமோடு வரும் ஆபீஸ் சிஸ்டத்தின் மொத்த விலையில் கணிசமான பங்கு அந்த ரேமுக்கே சரியாகிவிடுகிறது. வாங்கும் முன் அதே ரேம் தனியாக என்ன விலை என்று கேட்டு, சிஸ்டம் விலையில் இருந்து கழித்துப் பாருங்கள். மிச்சம் நிற்பதுதான் ப்ராசசர், போர்டு, கேபினெட், விண்டோஸ் லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து நீங்கள் கொடுக்கும் விலை.

விண்டோஸ் லைசென்ஸைச் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. பெரிய கம்பெனிகளின் சிஸ்டங்களில் அந்த லைசென்ஸ் கீ, மதர்போர்டுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற நிலையான மென்பொருளிலேயே பதிந்திருக்கும். விண்டோஸ் 10 ப்ரோவுடன் வந்த பெட்டியில் விண்டோஸ் 11 ப்ரோவைப் போட்டால், நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். அசெம்பிள் பண்ணும்போது இதைத் தனியாக வாங்க வேண்டும். ஆனால் அந்த லைசென்ஸ் போர்டோடு ஒட்டியது. போர்டு போனால் அதுவும் போகும்.

சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் என எங்கே போனாலும் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகள் ஒரே மாதிரி இருக்கும்: ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர். கம்பெனிகள் மூன்று முதல் ஐந்து வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துக்கட்டியவை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு முடிந்ததும் இந்த வரத்து இன்னும் கூடியது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆவது தலைமுறையாவது வேண்டும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையாவது வேண்டும். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. ஏழாம் தலைமுறையில் ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டென்றாலும் ஆபீஸ் டெஸ்க்டாப் வாங்குபவருக்கு அது பயன்படாது. அதனால் 6, 7-ஆம் தலைமுறைப் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன.

ஆறு, ஏழை வாங்கலாமா? லினக்ஸ் மின்ட் போட்டு ஓட்டத் தயார் என்றால் தாராளமாக. விண்டோஸ்தான் வேண்டும் என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்து எட்டாம் தலைமுறைக்குப் போங்கள். காரணம் விண்டோஸ் 11 மட்டுமல்ல. ஐ5-7500-இல் நான்கு கோர், நான்கு த்ரெட். அடுத்த வருடம் வந்த ஐ5-8500-இல் ஆறு கோர். ஒரே பெயர் வரிசை, ஆனால் உள்ளே ஒன்றரை மடங்கு சரக்கு. எட்டாம் தலைமுறை ஐ3-8100-கூட பழைய ஐ5 போல நான்கு கோர். கடையில் “ஐ7 இருக்கு சார்” என்று ஏழாம் தலைமுறையை எடுத்து நீட்டினால், பக்கத்தில் இருக்கும் எட்டாம் தலைமுறை ஐ5-ஐக் கேளுங்கள்.

அதே மூச்சில் வரும் ஒரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். “இப்போதைக்கு 7050 வாங்கிவிட்டு, அப்புறம் எட்டாம் தலைமுறை ப்ராசசர் மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், சாக்கெட் ஒன்றுதானே” என்பார்கள். இரண்டும் எல்ஜிஏ 1151 என்பது உண்மை, உள்ளே உட்காரவும் உட்காரும். ஆனால் சிப்செட்டும் மின் இணைப்புப் பின்களின் அமைப்பும் வேறு. சிஸ்டம் ஆன் ஆகாது. ஆப்டிப்ளெக்ஸில் 3060, 5060, 7060 என்று 60-இல் முடிபவைதான் எட்டாம் தலைமுறை. 50-இல் முடிந்தால் ஆறு அல்லது ஏழு. 9020, பழைய 7020 என்றால் நான்காம் தலைமுறை, டிடிஆர்3 ரேம். அந்த ரேம் இனி எந்தப் புதுப் போர்டிலும் ஏறாது. என்விஎம்இ எனப்படும் வேகமான வகை எஸ்எஸ்டியில் இருந்து நேராக பூட் ஆகவும் ஆகாது. சும்மா கொடுத்தால் வாங்கலாம்.

தலைமுறைக்கு அடுத்தது உருவம். ஒரே மாடல் எண்ணில் மூன்று அளவு வரும்: டவர், ஒல்லியான எஸ்எஃப்எஃப், டிபன் பாக்ஸ் அளவு மைக்ரோ. விலை மலிவு, மேசையில் இடம் மிச்சம் என்று பலர் ஒல்லியானதை எடுத்துவிடுகிறார்கள். எதையும் சேர்க்கப் போவதில்லை என்றால் சரி. சேர்க்கும் எண்ணம் துளியாவது இருந்தால் டவர் ஒன்றே வழி. எஸ்எஃப்எஃப்பில் பாதி உயரக் கிராபிக்ஸ் கார்டு மட்டுமே நுழையும். அதிலும் இரண்டு ஸ்லாட் தடிமன் உள்ள கார்டு பக்கத்தில் எஸ்எம்பிஎஸ்ஸிலோ டிஸ்க் கூண்டிலோ முட்டலாம். ஸ்கேலை உள்ளே விட்டு அளக்காமல் கார்டு வாங்கக் கூடாது. 7050 எஸ்எஃப்எஃப்பின் எஸ்எம்பிஎஸ் 180 வாட்தான், 7060-இல் 200. மைக்ரோவில் கார்டுக்கு ஸ்லாட்டே கிடையாது. ரேம் லேப்டாப்பில் போடும் குட்டை ரேம், அதாவது நாளை டெஸ்க்டாப்புக்கு மாறினால் கூட வராது. மின்சாரமும் லேப்டாப் போல வெளி அடாப்டரில் இருந்துதான். டெல் மைக்ரோவுக்கு ஊர்பேர் தெரியாத அடாப்டரைச் செருகினால், அடாப்டரின் வகை தெரியவில்லை என்று ஆன் ஆகும்போதே எச்சரிக்கை வரும், ப்ராசசர் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். டெல் அடாப்டரின் நடுவே உள்ள மெல்லிய பின்தான் இது எத்தனை வாட் என்று பெட்டிக்குச் சொல்லும் வழி. அந்தப் பின் வளைந்திருந்தாலும் இதே கதைதான்.

கடையில் பார்க்க வேண்டியவை

விண்டோஸ் திரையைக் காட்டி “பாருங்க, நல்லா ஓடுது” என்பார்கள். அது போதாது. “அண்ணே, ஒருமுறை ஆஃப் பண்ணிட்டு பயாஸைத் திறந்து காட்டுங்க” என்று கேளுங்கள். பயாஸ் என்பது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் போர்டின் செட்டிங் திரை. அதைத் திறக்க டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் பழைய கம்பெனி வைத்த பூட்டு இன்னும் இருக்கிறது என்று பொருள். ஆப்டிப்ளெக்ஸ் போர்டில் இதை நீக்க ஜம்பர் உண்டு. கடைக்காரரே உங்கள் கண்முன் நீக்கித் தரட்டும், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பயாஸில் ரேம் எத்தனை துண்டு, எந்த ஸ்லாட்டில், என்ன வேகம் என்பது தெரியும். சர்வீஸ் டேக் எண்ணும் இருக்கும். அதை டெல்லின் சப்போர்ட் தளத்தில் போட்டால், அந்தப் பெட்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது என்ன ப்ராசசர், எத்தனை ரேம் என்பது வரிசையாக வரும். வெளியே ஒட்டியிருக்கும் ஐ7 ஸ்டிக்கரைவிட இதை நம்பலாம்.

டெல்லில் எஃப்12 அழுத்தினால் வரும் பட்டியலில் டயக்னாஸ்டிக்ஸ் இருக்கும். ஐந்து பத்து நிமிடம் ஓடும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் ஓடவிடுங்கள். ஃபேன், டிஸ்க், ரேம் மூன்றையும் தட்டிப் பார்த்துவிடும். பல ஆப்டிப்ளெக்ஸ் எஸ்எம்பிஎஸ்களின் பின்பக்கம் ஒரு சின்ன பட்டன் இருக்கும். பவர் ஒயரைச் செருகி அதை அழுத்தினால் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது.

டிஸ்க்கை க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பாருங்கள், எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். ஆபீஸ் சிஸ்டம் ஒன்று ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 2,700 மணி நேரம். ஐந்து வருடப் பெட்டியில் 13,000, 14,000 என்றிருப்பது இயல்பு. 40,000 என்று காட்டினால் இரவு பகல் அணைக்காமல் ஓடியது. ஹார்டு டிஸ்க்கில் ரீஅலகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார் (கெட்டுப்போன இடங்கள், கெடும் நிலையில் உள்ள இடங்கள்) இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க்கின் விலையைப் பூஜ்யமாக வைத்துப் பேரம் பேசுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. கம்பெனிகள் தங்கள் சிஸ்டங்களை விண்டோஸ் ஆட்டோபைலட் என்ற மைக்ரோசாஃப்ட் சேவையில் பதிந்து வைத்திருக்கும். அந்தப் பதிவை நீக்காமல் விற்றிருந்தால், டிஸ்க்கை எத்தனை முறை அழித்து விண்டோஸ் போட்டாலும், நெட் இணைத்த உடனே பழைய கம்பெனியின் பெயர் போட்ட லாகின் திரை வந்து நிற்கும். கடையிலேயே புதிதாக விண்டோஸ் போடச் சொல்லி, செட்டப்பின்போது உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டை இணைத்துப் பாருங்கள். கம்பெனி பெயர் வந்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

கடைசியாக, தேதி. தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் பின்னால் போனால் போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. கைக்கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும், இதற்காக ஒரு சிஸ்டத்தை ஒதுக்க வேண்டியதில்லை. தேதி தவறினால் பாதி வெப்சைட்டுகள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும், வைரஸ் என்று பயந்துவிடுவார்கள்.

ஏற்றுவது

வீட்டுக்கு வந்ததும் முதல் செலவு எஸ்எஸ்டி. எம்.2 ஸ்லாட் இருந்தால் என்விஎம்இ, இல்லாவிட்டால் ஒயரில் இணைக்கும் 2.5 அங்குல சாட்டா. இங்கே டெல் பெட்டிகளில் ஒரு விசேஷம் உண்டு: பயாஸில் டிஸ்க் அமைப்பு ‘ரெய்டு ஆன்’ என்று வைத்தே அனுப்புவார்கள். புது எஸ்எஸ்டியைப் போட்டு லினக்ஸ் நிறுவினால் டிஸ்க்கே இல்லை என்னும். விண்டோஸ் இன்ஸ்டாலரும் சில சமயம் அப்படிச் சொல்லும். ‘ஏஎச்சிஐ’ என்று மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் பெட்டியில் சட்டென்று மாற்றினால் நீலத் திரைதான் மிஞ்சும். அப்போது வரிசை இப்படி: முதலில் விண்டோஸுக்குள் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து நேராக பயாஸுக்குப் போய் ஏஎச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து தனக்கு வேண்டிய டிரைவரை எடுத்துக்கொள்ளும். மறுபடி எம்எஸ்கான்ஃபிக்கில் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் இதையெல்லாம் தொடங்கும் முன் அதை நிறுத்தி வையுங்கள்; ரெகவரி கீ கையில் இல்லாமல் பயாஸில் கை வைத்தால் டிஸ்க்கில் இருப்பது திரும்பாமல் போகலாம்.

ரேமில் எத்தனை ஜிபி என்பதற்கு முன் எத்தனை துண்டு என்று பாருங்கள். டிடிஆர்4-2666 ஒரு துண்டு மட்டும் இருந்தால் நொடிக்கு 21.3 ஜிபி வரை தரவு போகும்; இரண்டு சேனலிலும் ஒவ்வொன்று இருந்தால் 42.6. தனிக் கார்டு இல்லாமல் ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பும் பெட்டியில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் அந்தக் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒரு 8 ஜிபி இருந்தால் இன்னொரு 8 ஜிபி. வேகம் வேறு வேறாக இருந்தால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும், அவ்வளவுதான்.

கிராபிக்ஸ் கார்டில்தான் பலர் காசை விடுகிறார்கள். இந்தப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கென்று 6 பின் ஒயர் பெரும்பாலும் இருக்காது. ஆகவே ஸ்லாட் கொடுக்கும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு மட்டுமே. ஐ5-8500-க்கு 65 வாட், கார்டுக்கு 75, மீதி எல்லாவற்றுக்கும் ஒரு 40 என்று வைத்தால் 180. 7060 டவரின் 260 வாட்டில் இது தாராளம். ஒயர் கேட்காத கார்டுகளில் ஜிடிஎக்ஸ் 1650 உண்டு, ஆனால் அதிலேயே 6 பின் கேட்கும் மாடல்களும் உண்டு, படத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்தான். ஆனால் அது நான்கே லேன் (தரவு போகும் பாதை) உள்ள கார்டு; பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டை மனதில் வைத்துச் செய்தது. இந்தப் பழைய 3.0 போர்டுகளில் போட்டால் பாதை பாதியாகி வேகம் அடிபடும். வீடியோ என்கோடரும் கிடையாது, ஓபிஎஸ்ஸில் ரெக்கார்டு செய்ய நினைப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். இன்டெல் ஆர்க் ஏ380-க்கு ரீசைசபிள் பார் என்ற போர்டு வசதி வேண்டும், இந்தப் போர்டுகளில் அது இல்லை. 2024 தொடக்கத்தில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வடிவம் 70 வாட். பாதி உயரத்திலும் கிடைக்கிறது. பழைய ஆபீஸ் டவருக்குப் பொருத்தமான கார்டு என்றால் என் ஓட்டு இதற்குத்தான். 8 ஜிபி 3050 என்பது வேறு கார்டு, அதற்குத் தனி ஒயர் வேண்டும். பெயர் ஒன்றே என்று ஏமாறக் கூடாது. பாதி உயரக் கார்டோடு வரும் முழு உயர பிராக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளை பெரிய கேபினெட்டுக்கு மாறும்போது அது இல்லாமல் கார்டு ஆடிக்கொண்டு நிற்கும்.

செகண்ட் ஹேண்டில் கார்டு வாங்கினால் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து பாருங்கள். ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற அரதப் பழைய சிப்களின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்பது வெகுநாளாக நடக்கிறது. பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்றே காட்டிக்கொடுத்துவிடும்.

75 வாட்டுக்கு மேல் ஆசை போகும்போதுதான் குறுக்குவழிகள் வரும். முதல் குறுக்குவழி, சாட்டா பவரை கார்டின் 6 பின்னாக மாற்றும் ஒயர். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 54 வாட். கார்டின் 6 பின் 75 வாட் வரை இழுக்கும். சாதாரணப் பெட்டியிலேயே அந்த கனெக்டர் உருகும். ஆப்டிப்ளெக்ஸில் அந்த சாட்டா மின்சாரம் போர்டு வழியாக வருகிறது என்று முதலிலேயே பார்த்தோம். இங்கே ஒயரோடு போர்டும் சேர்ந்து வேகும்.

இரண்டாவது, 24 பின்னை 6 பின் அல்லது 8 பின்னாக மாற்றும் அடாப்டர் போட்டு வெளி எஸ்எம்பிஎஸ் வைப்பது. இது ஆகாத காரியம் இல்லை. டெல், எச்பி, லெனோவோ மூன்றுக்கும் தனித்தனி அடாப்டர் உண்டு. லெனோவோவிலேயே பழையது 14 பின், புதியது 10 பின். பிரச்சினை ஸ்டாண்ட்பை மின்சாரத்தில். கடையில் தனியாகக் கிடைக்கும் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் அணைந்திருக்கும்போது கொடுப்பது 5 வோல்ட். இந்தப் போர்டுகளில் பல, 12 வோல்ட் அல்லது அதற்குக் கிட்டத்தில் எதிர்பார்க்கும். நல்ல அடாப்டரில் 5-ஐ ஏற்றிக் கொடுக்கும் ஒரு குட்டிச் சர்க்யூட் பலகை நடுவே இருக்கும். வெறும் ஒயராக இருப்பதைப் போட்டால் சிஸ்டம் ஆன் ஆகாமல் இருக்கும், அல்லது ஸ்லீப்பில் இருந்து எழாது. அடாப்டர் சரியாக அமைந்தாலும் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் அந்த கேபினெட்டில் உட்காராது. அதற்காக கேபினெட் மாற்றினால் போர்டின் திருகுத் துளைகள் ஒத்துவராது, முன்பக்க யுஎஸ்பி ஒயர் பொருந்தாது, ஃபேன் கனெக்டர் 5 பின். எல்லாவற்றையும் எப்படியோ கட்டி முடித்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் முன்பக்க ஒயர் இல்லை, ஃபேன் இல்லை, எஃப்1 அழுத்து என்று நிற்கும். எஸ்எம்பிஎஸ், கேபினெட், ஃபேன், அடாப்டர் என்று தவணை முறையில் அசெம்பிள்டு சிஸ்டத்தின் செலவையே செய்துவிட்டு, கடைசியில் கையில் மிஞ்சுவது ஏழு வருடப் பழைய போர்டு. இந்த நடுவழிதான் எல்லாவற்றிலும் மோசம்.

அசெம்பிள்

முதல் நாளிலேயே 75 வாட்டுக்கு மேல் கார்டு வேண்டும் என்று தெரிந்தால், பழைய பெட்டியை விட்டுவிட்டு அசெம்பிளுக்குப் போங்கள். குறைந்த செலவில் இரண்டு பாதை. கார்டு இப்போது இல்லை, பிறகு பார்க்கலாம் என்றால் ரைசன் 5 5600ஜி அல்லது 5600ஜிடி, ஏ520 போர்டு. உள்ளிருக்கும் வேகா கிராபிக்ஸ் ஆபீஸ் பெட்டியின் இன்டெல் யுஎச்டியைவிட எவ்வளவோ மேல். கார்டு உடனே வாங்குவதானால் இன்டெல் ஐ3-12100எஃப், எச்610 போர்டு. கடைசியில் எஃப் இருந்தால் உள்கிராபிக்ஸ் கிடையாது. கார்டு வருவதற்கு முன் அசெம்பிள் பண்ணிவிட்டு டிஸ்ப்ளே வரவில்லை என்று போர்டைக் குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஐ3 என்று முகம் சுளிக்க வேண்டாம், கோர் எண்ணிக்கை நான்கு என்றாலும் ஒவ்வொரு கோரும் ஐ5-8500-இன் கோரைவிட வெகு வேகம்.

எச்610 போர்டு டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு வகையிலும் வருகிறது. பெட்டியில் படித்துப் பார்த்து டிடிஆர்4 எடுங்கள். ஆபீஸ் டவரில் இருந்து கழற்றிய ரேம் அப்படியே இதில் ஏறும், எஸ்எஸ்டியும் கார்டும் ஏறும். ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போனால் 2027-க்கு அப்பாலும் புது ப்ராசசர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, ஆனால் அங்கே டிடிஆர்5 மட்டுமே. இன்றைய ரேம் விலையில் அது பட்ஜெட் வழி இல்லை.

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்து ஓரமாக வையுங்கள். ஸ்டிக்கரில் பெரிதாக 450 என்று போட்டிருந்தாலும் கீழே 12 வோல்ட் கட்டத்தைப் படிக்க வேண்டும். அங்கே 16 ஆம்பியர் என்றால் 12 பெருக்கல் 16, அதாவது 192 வாட். ப்ராசசரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். மற்ற எண்களெல்லாம் அலங்காரம். 80 ப்ளஸ் ப்ரோன்ஸ் தரத்தில் 450 அல்லது 550 வாட் ஒன்று எடுத்தால் 132 வாட் கேட்கும் ஆர்எக்ஸ் 6600 வரை கவலையில்லை. வீட்டில் பழைய 600 விஏ யூபிஎஸ் இருந்தால் அது கொடுப்பது சுமார் 360 வாட். அதோடு அதன் மின்சார அலை சைன் வடிவில் இல்லாததால், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள சில எஸ்எம்பிஎஸ்கள் கரண்ட் போன நொடியே அணைந்துவிடும். யூபிஎஸ் கெட்டுவிட்டது என்று பேட்டரி மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும், 18 சதவீத ஜிஎஸ்டியும் இருக்கட்டும். அசெம்பிள்டு சிஸ்டத்தில் வாரண்டி பொருள்வாரியாக ஓடும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சர்வீஸ் சென்டர். எது கெட்டது என்று கண்டுபிடிப்பதும் உங்கள் வேலை. புதுக் கம்பெனி சிஸ்டத்தின் ஒரே பெரிய அனுகூலம் இதுதான்: ஒரு போன் போட்டால் ஆள் வீட்டுக்கு வருவார். அக்கவுண்ட்ஸ் பார்க்கும் கடைக்கும், கணினி பற்றி எதுவும் தெரிந்துகொள்ள விரும்பாத பெரியவர்களுக்கும் அது போதும், வாங்கிக் கொடுங்கள். விளையாடவும் வீடியோ எடிட் செய்யவும் புது பட்ஜெட் கம்பெனி சிஸ்டம் வாங்குவதில் அர்த்தமில்லை: அதே சின்ன எஸ்எம்பிஎஸ், அதே சொந்த அளவுப் போர்டு, ஒற்றைத் துண்டு ரேம்; பழையதன் குறைகள் எல்லாம் புது விலையில்.

மாட்டும்போது கெடுவது பெரும்பாலும் இரண்டே இடத்தில். எல்ஜிஏ 1700-இல் பின்கள் போர்டில் இருக்கின்றன. ப்ராசசரைச் சாய்த்து விட்டால் வளையும், வளைந்தால் வாரண்டி இல்லை. இரண்டு ஓரமும் பிடித்து, வெட்டுக்குறி பார்த்து, நேராக இறக்கி விடுங்கள், அழுத்த வேண்டாம். சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை முன்கூட்டியே எடுக்காதீர்கள். லீவரைத் தாழ்த்தும்போது அதுவே தெறித்து வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது கேட்பார்கள்.

இரண்டாவது, இன்டெல் கூலரின் நான்கு புஷ் பின். எதிரெதிர் மூலையாகக் குறுக்கே அழுத்த வேண்டும். வரிசையாக அழுத்தினால் நான்காவது உட்காராது. மேலே இருந்து பார்த்தால் நான்கும் உட்கார்ந்த மாதிரியே இருக்கும், ‘டக்’ சத்தமும் கேட்டிருக்கும். அதனால் போர்டை கேபினெட்டில் திருகுவதற்கு முன், மேசையில் வைத்தே கூலரை மாட்டுங்கள். மாட்டியதும் போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். நான்கு துளையிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் இரண்டாகப் பிளந்து விரிந்து, நடுவே கறுப்பு முள் தெரிய வேண்டும். ஒன்றில் முள் தெரியாவிட்டால் அந்தப் பின் பாதியில் நிற்கிறது; அம்புக்குறிப் பக்கம் திருப்பி மேலே இழுத்து, மறுபடி நேராக்கி அழுத்துங்கள். கூலரை முழுவதும் தூக்கிவிட்டால் அடியில் இருக்கும் வெப்பம் கடத்தும் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக வைக்க வேண்டும், ஆகவே பேஸ்ட் ட்யூப் ஒன்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.